தட்டை அலங்கரிக்கும் வெண்ணெய்ப் பழம்

கீழ்ப்பழனி மலை, சேர்வராயன் மலை, நீலகிரிச் சரிவுகள் ஆகிய பகுதிகளில் காப்பிச் செடிகளுக்கு ஊடே வெண்ணெய்ப் பழ மரங்கள் வளர்ந்து பலன் தருகின்றன. பட்டர் புரூட் என்றும் அவகேடோ என்றும் சொல்லப்படுவது இதுவே. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். நம் மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழம் மிகுதியாக வருகிறது.

இப்பழம் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடிப்பதற்கு மட்டுமன்றி, ஓட்டல்களிலும் விருந்துகளிலும் தட்டை அலங்கரிக்கவும் பயன்படுகிறது. சாறு அடிக்கும் பழத்தில் அடிபட்ட இடம் இருந்தால், அதைக் கரண்டியால் ஒதுக்கிவிடலாம். துண்டு போட்டுத் தட்டில் வைக்கும் பழத்தில் சிறு கறுப்புக் கோடு இருந்தாலும் எடுப்பாகத் தெரியும். ஆகவே, அலங்காரத்திற்கு வாங்குவோர் அடிபடாத பழத்தையே கேட்பார்கள். பழம் தட்டுக்குப் போகுமா, சாறுக்குப் போகுமா என்பது பறிக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதிர்ச்சி அறிதல்

இப்பழம் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்த பிறகே மென்மையாகும். பச்சை நிற வகைகளில் தோல் சற்று மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். ஊதா நிற வகைகளில் நிறம் கருஞ்சிவப்பாக மாறும். உள்ளே விதையின் மேல்தோல் வெளிர் நிறத்திலிருந்து கரும்பழுப்பாக மாறியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு மரத்திலிருந்து 2 அல்லது 3 காய்களைப் பறித்து வீட்டில் வைத்துப் பாருங்கள். 6 முதல் 10 நாட்களில் தோல் சுருங்காமல் பழுத்தால் அந்த மரம் அறுவடைக்குத் தயார். இளங்காய் பழுக்காமல் தோல் சுருங்கி, சதை ரப்பர் போல ஆகிவிடும். அப்படிப்பட்ட காயை ஒரு முறை விற்றால், அடுத்த முறை அந்த வியாபாரி நம் மூட்டையைத் தொடமாட்டார்.

அறுவடை

கிளையை உலுக்கியோ கழியால் அடித்தோ காயைக் கீழே விழவிடக் கூடாது. விழுந்த காய் அன்று நன்றாகவே தோன்றும். பழுத்த பின்தான் சதையில் கறுப்புத் தெரியும். நீண்ட கழியின் நுனியில் சிறு கத்தியும் துணிப் பையும் கட்டி, காய் பைக்குள் விழும்படி அறுக்க வேண்டும். காயில் சிறிதளவு காம்பு இருப்பது நல்லது. காம்பு பிய்ந்த இடத்தின் வழியே அழுகல் நோய்ப் பூசணம் உள்ளே நுழையும். மழை ஈரத்தோடு பறிப்பதைத் தவிர்க்கவும். பறித்த காய்களை நிழலில் வைத்து, சாக்குகளுக்குப் பதிலாக வைக்கோல் பரப்பிய கூடைகளிலோ அட்டைப் பெட்டிகளிலோ அடுக்கி அனுப்பலாம்.

பழுக்க வைத்தல்

விரைவில் பழுக்க வேண்டுமானால், நன்கு பழுத்த வாழைப்பழம் இரண்டை உடன் வைத்துப் பெட்டியை மூடலாம். வாழைப்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு இதற்கு உதவுகிறது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. பழுக்காத காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சதை கறுத்துவிடும். பழுத்த பின் 2 அல்லது 3 நாட்கள் வைக்கலாம்.

காம்புப் பக்கத்தை மெல்ல அழுத்தும்போது சிறிதளவு அமுங்கினால் அது துண்டு போட ஏற்ற பதம். முழுவதும் குழைந்திருந்தால் அது சாறுக்குரியது. இந்த இரண்டு பதங்களையும் தனித்தனியே பிரித்து விற்க வேண்டும்.

அலங்காரம் செய்யும் முறை

உங்கள் மரத்துப் பழம் தட்டுக்கு ஏற்றதா என்பதை நீங்களே வெட்டிப் பார்த்து அறியலாம். முதலில் பழத்தைக் கழுவவும். தோலில் உள்ள அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுபோகும். நீளவாக்கில் விதையைச் சுற்றி வெட்டி, இரு பாதிகளையும் எதிரெதிராகத் திருகிப் பிரிக்கவும். விதையைக் கரண்டியால் எடுக்கவும். உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் குத்தி எடுப்பது ஆபத்து. பின்னர் தோலை உரிக்கவும்.

விசிறி: பாதிப் பழத்தைக் கவிழ்த்து வைத்து, காம்பு முனையை வெட்டாமல் விட்டு, 3 மி.மீ. கனத்தில் நீளவாக்கில் கீறவும். கையால் மெல்ல அழுத்தினால் விசிறி போல விரியும்.

ரோஜா: பாதிப் பழத்தைக் கவிழ்த்து, குறுக்கே 2 மி.மீ. கனத்தில் சீவவும். சீவல்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி நீளமாகச் சரித்து, ஒரு முனையிலிருந்து சுருட்டினால் பூ வடிவம் கிடைக்கும்.

உருண்டை: ஆழமான சிறு கரண்டியால் தோண்டி எடுத்து, பழக்கலவை மீது வைக்கலாம்.

வெட்டிய சதையில் காற்றுப் பட்டால், அதிலுள்ள நொதிகளால் நிறம் பழுப்பாகும். எலுமிச்சைச் சாற்றை மெல்லத் தடவினால் இது தாமதப்படும். எனினும் பரிமாறும் நேரத்தில் வெட்டுவதே சிறந்தது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும். எனவே சூடான உணவில் கடைசியாகவே சேர்க்க வேண்டும்.

சீவல் உடையாமல் நின்று, சதையில் கறையும் நாரும் இல்லாதிருந்தால் அந்த மரத்தைக் குறித்து வைத்து, அதன் பழத்தைத் தனியே பிரித்து விலை பேசலாம்.

கால்நடைகள் கவனம்

தோலையும் விதையையும் ஆடு, மாடு, கோழிகளுக்குப் போடக் கூடாது. இலையும் ஆகாது. இவற்றில் உள்ள பெர்சின் என்னும் பொருள் கால்நடைகளுக்கு நஞ்சாகும். ஆடுகளுக்கு மடி வீங்கிப் பால் வற்றும். கோழிகள் இறக்கவும் கூடும். கழிவுகளைக் கால்நடை எட்டாத உரக்குழியில் இட்டு மூடுங்கள்.

புதிதாக நடுவோர் விதைக் கன்றைத் தவிர்த்து ஒட்டுக் கன்றை நடுவது நல்லது. விதைக் கன்றில் மரத்திற்கு மரம் பழத்தின் அளவும் தரமும் மாறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டி.கே.டி. 1 என்ற ரகம் வெளியிடப்பட்டுள்ளது. ஒரே ரகத்தின் ஒட்டு மரங்கள் ஒரே சீரான பழம் தரும். ஓட்டல்காரருக்கு வேண்டியதும் அதுவே.