கேரம் ஆட்டத்தில் தவறு விதிகளும் சாதனையின் ஏற்புடைமையும்: வடசென்னையை முன்வைத்து

முன்னுரை

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் தெருக்களில் கேரம் வேரூன்றிய ஆட்டமாகும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். எனினும், தெருமுனை மன்றத்தில் அடிக்கப்படும் 'ஸ்லாம்' சாதனையாக ஏற்கப்படுவதில்லை. இதன் காரணத்தைத் தவறு விதிகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஸ்லாமின் மதிப்பு

தொடங்குபவர் தம் முதல் கையிலேயே, எதிராளிக்கு வாய்ப்பளிக்காமல், ஒன்பது வெள்ளைக் காய்களையும் சிவப்பையும் குழியில் வீழ்த்துவது வெள்ளை ஸ்லாம் ஆகும். அடுத்து ஆடுபவர் தம் முதல் கையில் கருப்புக் காய்களைக் கொண்டு அவ்வாறு முடிப்பது கருப்பு ஸ்லாம். வெள்ளை ஸ்லாமுக்குக் கிடைப்பவை, எதிராளியின் காய்களுக்கு 9, சிவப்புக்கு 3 என அதிகபட்சம் 12 புள்ளிகளே. பல கைகளில் ஆடி முடிப்பவரும் இதே 12 புள்ளிகளைப் பெற இயலும். எனவே, ஸ்லாமின் தனிமதிப்பு புள்ளியில் அன்று, பதிவிலேயே உள்ளது.

இருவகைத் தவறுகள்

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் விதிகள் சுட்டும் தவறுகளை இரண்டாகப் பகுக்கலாம். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுதல் போன்றவை விளைவில் தெரிபவை. பலகையே அவற்றுக்குச் சான்று. ஸ்ட்ரைக்கரை இரு அடிக்கோடுகளையும் தொடாமல் வைத்தல், சுண்டாமல் தள்ளுதல் ஆகியன செயலில் மட்டும் தெரிபவை. அடி முடிந்ததும் அவற்றின் தடயம் மறைந்துவிடுகிறது. தெரு ஆட்டத்தில் முதல்வகைத் தவறு மறைவதில்லை. இரண்டாம் வகையை எதிராளி நட்பின் பொருட்டு விட்டுக்கொடுத்துவிடலாம். நடுவரின் தேவை இங்குதான் எழுகிறது.

ஸ்னூக்கர் தரும் ஒப்புமை

உதகமண்டலத்தோடு தொடர்புடைய வரலாற்றைக் கொண்ட ஸ்னூக்கரிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. 1955 ஜனவரியில் இலண்டனில் ஜோ டேவிஸ் ஒரே தொடர்ச்சியில் 147 புள்ளிகள் எடுத்தார். தவறு செய்தவரையே மீண்டும் ஆடப் பணிக்கலாம் என்னும் விதி அப்போட்டியில் நடைமுறையில் இருந்தது. ஆட்சிமன்றத்தின் விதிநூலில் அவ்விதி இல்லாமையால், அச்சாதனை 1957 வரை ஏற்கப்படவில்லை. அவருடைய ஆட்டத்தில் குறையில்லை. எந்த விதியின்கீழ் ஆடப்பட்டது என்பதே வினாவாயிற்று.

முடிவுரை

டேவிஸின் ஆட்டத்திற்கு அரங்கும் ஆவணமும் இருந்தமையால் பின்னர் ஏற்பு கிடைத்தது. தெருமுனை ஸ்லாமுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேரம் வீரர்களுக்கு வேலை அளித்துள்ள நிலையில், பதிவு என்பது புகழோடு நிற்பதன்று, வாழ்வாதாரத்தோடும் தொடர்புடையது. ஆதலால், பயிற்சி பெற்ற நடுவரும் ஒரே விதிநூலும் கையெழுத்திட்ட ஆட்டத்தாளும் தெருமுனை மன்றங்களைச் சென்றடைதல், அங்குள்ள திறமைக்கு ஏற்பு கிடைப்பதற்கான முதற்படியாகும்.