பொதியில் நிற்கும் சிங்கம்

மலையகத்துக் கந்தப்பளையின் தேயிலைக் கொழுந்து தூளாகிக் கடைக்கு வரும்போது, பொதியில் வாளேந்திய சிங்கம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்டி அரசின் கொடியிலிருந்து தேசியக் கொடிக்கும், பிறகு இலங்கைத் தேயிலைச் சபையின் இலச்சினைக்கும் வந்த சிங்கம் அது. கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பது அதன் பொருள். 1972இல் நாடு ‘சிலோன்’ என்ற பெயரை விட்டது, தேயிலை விடவில்லை.

அதே ஆண்டு வந்த அரச இலச்சினையை உற்றுப் பாருங்கள்: சிங்கம், தாமரை இதழ்கள், நெற்கதிர், நிறைகுடம், தருமச் சக்கரம், சூரியன், சந்திரன். கொழுந்து மட்டும் இல்லை.

தேசியக் கொடியின் செம்மஞ்சள் பட்டை தமிழரைக் குறிக்கும். 1951இல் அக்கொடி ஏற்கப்பட்டபோது, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், அந்தக் கொழுந்தைப் பறித்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.