மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரம்

பீகார் மாநிலத்தின் வடகிழக்கில் கோசி ஆறு பாய்கிறது. அங்கே பூர்ணியா, ககரியா, கட்டிஹார் மாவட்டங்களில் மக்காச்சோளம் முக்கியமான பயிர். குளிர்காலத் தொடக்கத்தில் விதைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை நடக்கும். பெரும்பாலும் சிறிய நிலங்கள். வீட்டார் எல்லோரும் வயலில் இறங்குவார்கள்.

கதிர் முற்றிவிட்டதா? ஒரு மணியைப் பெயர்த்து அதன் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே கறுப்பாகத் தெரிந்தால் முற்றிவிட்டது.

முன்பு கதிரை உரித்து, தடியால் அடித்து மணியைப் பிரித்தார்கள். கையில் பிடித்து உதிர்க்கும் சிறிய இரும்புக் குழாயும் உண்டு. அதில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 20 முதல் 25 கிலோ வரை உதிர்க்கலாம். இப்போது டிராக்டரோடு இணைத்த இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. கதிரை உரிக்கவே வேண்டாம். அப்படியே போடலாம். உள்ளே உருளை வேகமாகச் சுழன்று கதிரை அடிக்கிறது. மணி சல்லடை வழியே விழுகிறது. தூசியையும் தோலையும் காற்றாடி வெளியே தள்ளுகிறது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் கதிர் எது, கை எது என்று அந்த உருளைக்குத் தெரியாது. இயந்திரம் அடுத்த வயலுக்குப் போக வேண்டும். வானமும் இருட்டுகிறது. எல்லோருக்கும் அவசரம். சிக்கிய கதிரைக் கையால் தள்ளும்போதுதான் விபத்து நடக்கிறது. முந்தானையும் துண்டும் பெல்ட்டில் மாட்டிக்கொள்வதும் உண்டு. கதிர் சிக்கினால் முதலில் டிராக்டரை நிறுத்த வேண்டும். பிறகுதான் எடுக்க வேண்டும். குடித்தவரையும் சிறுவரையும் அருகில் விடக் கூடாது.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கதிர் போடும் தட்டு குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். இது இந்தியத் தர விதி. அப்போது கை உருளையை எட்டாது. வாடகை பேசும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளலாம். இயந்திரத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு பெற வழி செய்யும் சட்டமும் 1983-இல் வந்தது. அதன் பெயர் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்.

அடித்த மணியை உடனே மூட்டை கட்டக் கூடாது. ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் நஞ்சை உண்டாக்கும். அது மனிதருக்கும் கோழிக்கும் கெடுதல். தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். கோடை மழை வந்தால் மூடுவதற்கு இன்னொரு தார்ப்பாயும் வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட வேண்டும். இரண்டு, மூன்று கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்துச் சில நிமிடம் குலுக்க வேண்டும். பாட்டிலின் பக்கங்களில் உப்பு ஒட்டினால் மணியில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டால் மூட்டை கட்டலாம். பூர்ணியாவின் குலாப்பாக் சந்தையில் வியாபாரிகள் ஈரம் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.