ஐம்பது ரூபாத் தண்டம்

"சேர், உண்மையைச் சொன்னாலுங் குற்றமா?" என்று சென்ற தவணையில் மாணவன் ஒருவன் என்னை வினவினான். பாடத்தின் நடுவே 'நீதிமன்ற அவமதிப்பு' என்னுஞ் சொற்றொடர் வந்தபோது எழுந்த வினா அது. நீதிபதி ஒருவர் பக்கஞ் சாய்ந்தார் என்று மன்றத்துக்கு வெளியே நின்று கூறுவது எங்ஙனம் தண்டனைக்குரியதாகும் என்பதே அவனது ஐயம். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாது விட்டதை இங்கே எழுதுகிறேன். இதற்குக் கேரளத்து வழக்கொன்று எனக்குக் கைகொடுக்கின்றது.

1967 நவம்பர் 9ஆம் நாள் கேரள முதலமைச்சர் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு பத்திரிகையாளரைச் சந்தித்தார். நிலவுடைமை மிக்க நம்பூதிரிக் குடும்பத்திற் பிறந்து, தமக்குரிய சொத்தைக் கட்சிக்கே ஈந்துவிட்ட பொதுவுடைமைவாதி அவர். பேச்சிலே திக்கல் உண்டு. "நீங்கள் எப்பொழுதும் திக்குவீர்களா?" என்று ஒருவர் கேட்க, "இல்லை, பேசும்பொழுது மட்டுந்தான்" என்று விடை பகர்ந்தார் என்பர். அன்றைய சந்திப்பிலோ அவர் சொன்னது தெளிவாகவே எல்லார் செவியிலும் விழுந்தது. நீதித்துறை அடக்குமுறைக் கருவி என்பது மார்க்சின் கொள்கை. நீதிபதிகள் வர்க்கப் பகையாலும் வர்க்க நலனாலும் வர்க்கக் காழ்ப்பாலும் நடத்தப்படுகின்றனர். நல்லுடை உடுத்த தொந்தி பெருத்த செல்வன் ஒருபுறமும், கந்தையணிந்த எழுத்தறியா ஏழை மறுபுறமும் நிற்க, சாட்சியம் இருபாலும் சமமாயிருப்பின், நீதிபதியின் உள்ளம் இயல்பாகவே செல்வன் பக்கஞ் சாயும் என்பன அவர் உரையின் சாரம்.

பத்திரிகைகள் இதனை வெளியிட்டன. சட்டத்தரணி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். (இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்துக்குரியது, நாம் அப்பெயராற் சுட்டும் தலையாய மன்றத்தை அங்கே உச்ச நீதிமன்றம் என்பர். வாசகர் மயங்காதிருத்தல் வேண்டும்.) நம்பூதிரிப்பாடு தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தாரல்லர். செய்தி பெரும்பாலுஞ் சரியே என ஒப்புக்கொண்டார். எந்த நீதிபதியின் பெயரையுந் தாம் கூறவில்லை, தமது அரசியற் கோட்பாட்டையே விளக்கினேன் என்பது அவரது வாதம். நீதியரசர் மூவருள் இருவர் அதனை ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாத் தண்டம், தவறின் ஒரு மாதச் சாதாரண மறியல் என்று தீர்ப்பாயிற்று. நீதியரசர் கே. கே. மத்தியூ மட்டும் குற்றமில்லை என்று தனித்து நின்றார்.

மேன்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நம்பூதிரிப்பாட்டின் சார்பில் வி. கே. கிருஷ்ண மேனன் வாதாடினார். பிரதம நீதியரசர் இதயத்துல்லா 1970 யூலை 31 இல் வழங்கிய தீர்ப்பு, நான் படித்த தீர்ப்புகளுள் விசித்திரமானவற்றுள் ஒன்று. மார்க்சும் ஏங்கெல்சும் லெனினும் நீதிமன்றங்களைப் பற்றி உண்மையில் யாது கூறினர் என்று நீதியரசர் நூல்களைப் புரட்டி ஆராய்கின்றார்! ஈற்றில், முதலமைச்சர் அந்த ஆசான்களைச் சரியாக அறியவில்லை, அன்றேல் வேண்டுமென்றே திரித்தார் என முடிவு செய்கின்றார். பொதுவுடைமைக் கட்சியின் மூத்த தலைவருக்கு மார்க்சியத்திற் புள்ளி குறைத்த ஆசிரியர் அவர் ஒருவரே போலும். குற்றம் உறுதியாயிற்று, ஆனால் அவரது பிழையைச் சுட்டிக் காட்டியதே போதுமெனக் கருதி, தண்டத்தை ஐம்பது ரூபாவாகக் குறைத்தார்.

இச்சட்டத்தின் நியாயம் யாது? நீதிபதியின் தன்மானத்தைக் காத்தல் அதன் நோக்கமன்று. தீர்ப்பை மக்கள் ஏற்று நடப்பது மன்றத்தின்மேலுள்ள நம்பிக்கையால். வழக்குத் தோற்ற ஒவ்வொருவரும் நீதிபதி விலைபோனார் என்று பறைசாற்றினால் அந்நம்பிக்கை குலையும். நீதிபதியோ தெருவிலிறங்கி மறுமொழி கூற முடியாதவர். இதனை நான் இலேசாக மதிக்கவில்லை. அன்றியும், பக்கச்சார்பை அஞ்சுகின்ற கட்சிக்காரருக்கு வேறு வழியும் உண்டு. நீதிபதியை விலகுமாறு மன்றத்திலேயே வேண்டலாம். 1852 இல் இங்கிலாந்தின் லோட் சான்சலர் கொட்டன்ஹாம் அளித்த கட்டளையைப் பிரபுக்கள் சபை தள்ளியது. வழக்காடிய கால்வாய்க் கம்பனியில் அவருக்குப் பங்கு இருந்ததே காரணம்.

எனினும் இச்சட்டத்தின் வரலாறு எனக்கு உவப்பளிப்பதன்று. 1899 இல் கோமறைக் கழகம், நீதிபதியைத் தூற்றியமைக்காகத் தண்டிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் அற்றுப்போயிற்று என்றது. அத்தோடு நின்றிருக்கலாம். வெள்ளையரல்லாதார் மிகுந்து வாழும் சிறு குடியேற்ற நாடுகளில் அது தேவைப்படலாம் என்றுஞ் சேர்த்துக்கொண்டது. நம்மைப் போன்றோருக்கென்று ஒதுக்கப்பட்ட சட்டம் அது! அடுத்த ஆண்டே பேர்மிங்காம் பத்திரிகாசிரியர் ஒருவர் நீதியரசர் டார்லிங்கை ஏளனஞ்செய்து நூறு பவுண் தண்டமிறுத்தார். 1928 இல், குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் போன்றோர் நீதியரசர் ஏவரியிடம் நியாயமான விசாரணையை எதிர்பார்க்க இயலாது என எழுதிய 'நியூ ஸ்டேற்ஸ்மன்' இதழ் குற்றவாளியாயிற்று; செலவுத்தொகை மட்டுமே கட்டும்படி பணிக்கப்பட்டது. அத்தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் ஹீவர்ட், அவ்வம்மையாரின் முந்திய வழக்கொன்றை 1923 இல் விசாரித்தவர். நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, செய்யப்படுவது கண்ணுக்குத் தெரிதலும் வேண்டும் என்ற புகழ்பெற்ற கருத்தும் அவ்வாண்டில் அவர் மொழிந்ததே.

மதுரையிலே பாண்டியன் முன் சிலம்பேந்தி நின்ற கண்ணகி சொன்னதைவிடக் கடுமையாக எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அரசன் அவமதிப்பைப் பற்றிப் பேசவில்லை. சிலம்பை உடைக்கக் கொடுத்தான்.

ஏழையின் பக்கமிருந்து பார்ப்போம். மன்றிலே வழங்கும் மொழி அவனுக்கு விளங்காது, கட்டணம் எட்டாது, எதிராளியின் சட்டத்தரணி பெயர்பெற்றவர். சாய்வு நீதிபதியின் நெஞ்சில் இல்லாதிருக்கலாம், மண்டபத்திலேயே இருக்கின்றது. நம்பூதிரிப்பாடு இதனை நீதிபதிகள்மேல் ஏற்றிச் சொன்னது மிகை என்றே எண்ணுகிறேன். அம்மிகைக்கு மறுப்புரை போதும். மறியல் அச்சுறுத்தல் வேண்டியதில்லை.

காலமும் அப்பக்கமே நகர்ந்தது. இந்தியச் சட்ட அமைச்சர் சிவசங்கர், தாமும் உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்தவர், உச்ச நீதிமன்றம் உள்ளோர்பால் அனுதாபம் மிக்க மேட்டுக்குடியினரால் ஆனது என்று 1987 இல் ஐதராபாத்தில் உரையாற்றினார். நம்பூதிரிப்பாட்டின் கூற்றுக்கு இது எவ்வகையிற் குறைந்தது? ஆயினும் 1988 இல் அதே உச்ச நீதிமன்றம் அவமதிப்பில்லை என்றது. இங்கிலாந்து இக்குற்றத்தை 2013 இல் நீக்கிவிட்டது. நம் நாட்டில் அவமதிப்புக்கென முழுமையான தனிச்சட்டம் 2024 இலேயே இயற்றப்பட்டது.

இனி, மாணவனின் வினா. இந்தியாவில் 1971 இல் இயற்றிய அவமதிப்புச் சட்டத்தை 2006 இல் திருத்தினர். பொதுநலன் கருதி, நல்லெண்ணத்தோடு கூறியதாயின், உண்மையை எதிர்வாதமாக மன்றம் ஏற்கலாம் என்றாயிற்று. தொந்தி பெருத்தவன்பால் நீதிபதிகளின் உள்ளஞ் சாயும் என்பதை எந்தச் சாட்சியைக் கொண்டு ஒருவர் நிறுவுவார் என்பது வேறு விடயம். அத்திருத்தம் வந்தபோது நம்பூதிரிப்பாடு இறந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.