கடற்பசுவும் அயற்கரை அரசும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்தனர் போலும். ஆயினும், நெய்தற்றிணையை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்துவரும் நாம், அந்நெய்தல் நிலத்துக்கு இன்று நேர்ந்திருப்பது யாதென ஒருமுறையேனும் எழுதுதல் தகும் எனத் துணிந்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எதிர்க்கரையிலுள்ள தமிழ்நாட்டு மாநில அரசு அண்மைக் காலத்தில் மேற்கொண்ட இயற்கைப் பாதுகாப்பு முயற்சிகளுள் ஒன்று நம் கடலையும் தொடுவது. அதனையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அம்முயற்சிகள் பலவாகும். காலநிலை மாற்றத்துக்கெனத் தனி இயக்கம் ஒன்று நிறுவப்பட்டது. காடும் மரமும் மூடிய நிலப்பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவதெனப் பசுமை இயக்கம் ஒன்று 2022 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் நெடுங்காலம் கோடிக்கரை ஒன்றே அம்மாநிலத்தின் பெயரால் இருந்தது. 2025 இல் அத்தொகை 20 ஆயிற்று. இவற்றை இவ்வளவில் நிறுத்திக் கடலுக்குச் செல்வோம்.

2022 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21 ஆந் திகதி, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த பாக்குக் குடாவில் 448.34 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அவ்வரசு அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதற் காப்பகம் இதுவே. நாடு முழுவதிலும் ஏறக்குறைய 240 கடற்பசுக்களே எஞ்சியுள்ளன என்றும், அவற்றுட் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கரையில் உள்ளன என்றும் அப்போது அரசு தெரிவித்தது.

தமிழ்நாட்டு மீனவர் இதனை ஆவுளியா என்பர். நம்மவர் கடற்பன்றி என்பர். பசுவோ பன்றியோ, உயிரியல் அறிஞர் இதனை யானைக்கு உறவாக வைத்திருப்பது நம் மாணவர்க்கு வியப்பைத் தரும். வளர்ந்த விலங்கு எட்டு அந்தர் வரை நிறுக்கும். மீன்போல் நீரிலே மூச்சுவிட இயலாதாகையால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து காற்றை உட்கொள்ளும். வலையிற் சிக்கி மேலெழ முடியாதவிடத்து மூழ்கி இறக்கும். ஒருமுறை ஒரு கன்றே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். ஆதலின், ஆண்டுக்குச் சில இறப்பினும் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.

இதற்கு உணவு கடற்புல். கரையில் ஒதுங்கும் சாதாளையை வாரித் தோட்டத்துக்குப் பசளையாக இட்ட நம் தீவுப்பகுதியார்க்கு இதனை அறிமுகஞ்செய்ய வேண்டியதில்லை. பாசி போலத் தோன்றினும் இது பாசியன்று. வேரும் பூவும் வித்தும் உடைய தாவரமேயாம். ஒளி எட்டும் ஆழத்திலன்றி வளராது. பாக்குக் குடா ஆழங் குறைந்ததாதலின், அங்கே இது பரந்த புல்வெளியாகப் படர்கின்றது. இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் அதனுள் ஒதுங்கி வளரும். வேர் மணலைப் பிணிக்கும். இலை அலையின் விசையைத் தணிக்கும். காற்றிலிருந்து நீரிற் கரைந்த கரியமிலவாயுவை உட்கொண்டு, அதன் கரியை வேரடிச் சேற்றிலே நெடுங்காலம் புதைத்து வைக்கும். விலங்கொன்றைக் காக்கும் சட்டம் காலநிலைக்கும் கரைக்கும் காவலாவது இவ்வாறே. புல்வெளி அழிந்த இடங்களில் மூங்கிற் சட்டத்திலே தென்னங்கயிறு கட்டிப் புல்லை மீள நடும் முயற்சியும் அக்கரையில் நடைபெற்றுள்ளது.

காப்பகம் என்றதும் மீனவரை விலக்கிய கடல் என்று எண்ணுதல் கூடாது. 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்துக்கு 2002 இற் செய்த திருத்தமே இவ்வகைக் காப்பகத்துக்கு இடந்தந்தது. தேசியப் பூங்காவைப் போல மக்களை அகற்றாது, அவ்விடத்தாரோடு கலந்து காப்பதே இதன் முறை. வலையிற் பட்ட கடற்பசுவை உயிரோடு விடுத்த மீனவர்க்கு அரசு பரிசளித்துச் சிறப்புச் செய்திருக்கின்றது. வலையை அறுத்து விலங்கை விடுபவனுக்கு வலையின் பெறுமதி தெரியும். பரிசு அதற்கு ஈடாகாதெனினும், அவன் செயலைப் பிறர் அறியச் செய்வது நன்றேயாம்.

ஆயின் தடை வேறோரிடத்திலுள்ளது. அது இழுவைமடி. கனத்த மடியைக் கடலடியிலே இழுத்துச் செல்லும் விசைப்படகு, புல்லை வேரோடு பெயர்த்துச் சேற்றைக் கலக்குகின்றது. இவ்விசைப்படகுகளை ஒரு காலத்தில் மானியம் வழங்கி ஊக்கியதும் அரசே என்பதை மறத்தலாகாது. அப்பிழையைத் திருத்தவே, பாக்குக் குடாவின் 2000 விசைப்படகுகளை ஆழ்கடற் சூரை பிடிக்கும் கலங்களாக மாற்றும் திட்டம் 2017 இல் மத்திய, மாநில அரசுகளால் வகுக்கப்பட்டது. கலமொன்றுக்கு 80 இலட்சம் ரூபா. நூற்றுக்கு 70 பங்கு மானியம். குறித்த மூன்றாண்டில் நிறைவேறியது அவ்விலக்கின் சிறு பகுதியே. மாலையிற் சென்று காலையில் மீளும் தொழிலைப் பழகியவனை, கடன் சுமந்து வாரக்கணக்கிற் கடலிற் கிட என்றால் அவன் எளிதில் இசைவானோ?

காற்றாலைத் துறையிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 1986 முதல் காற்றாலை அமைத்துவரும் அம்மாநிலத்திலே, ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற வளமிக்க காற்றுத்தடங்களை அக்காலத்துச் சிறு பொறிகளே பிடித்திருந்தன. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். ஆதலின், நல்ல காற்றுள்ள இடத்திலே சிறு பொறி நிற்றல் பெரும் இழப்பு. அவற்றை அகற்றிப் பெரும்பொறி நாட்ட 2024 இற் கொள்கை வகுத்தனர். காப்பகமெனக் கோடு வரைவது ஒருநாட் செயல். முன்னரே இடம்பிடித்தோரை நகர்த்துவது அவ்வாறன்று.

எம் வகுப்பிலே கடற்றொழிலாளி ஒருவரின் மகன் பயில்கின்றான். ஓர் இரவு அவன் தந்தையாரின் வலை இழுவைப்படகுகளால் அறுபட்டுப் போயிற்று. இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தாலே தடுக்கப்பட்டதாயினும், எல்லை கடந்து வருவோரைச் சட்டப்புத்தகம் மறிப்பதில்லை. இக்காப்பகத்தைப் பற்றி நாம் கூறியபோது, தேசப்படத்தில் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அமைந்த கடலெல்லையை அவன் விரலாலே தொட்டு, “கோட்டுக்கு இங்காலை ஆர் சேர் பாக்கிறது?” என்று வினவினான். 2015 இல் அறிவிக்கப்பட்ட ஆதாம் பாலத்துக் கடலகப் பூங்காவையும், 2016 இல் அறிவிக்கப்பட்ட விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தையும் காட்டினோம். அவன் சிறிதுநேரம் நோக்கியிருந்து, தந்தையாரின் வலை கிடந்த இடம் இரண்டினுள்ளும் இல்லை என்றான். நாமும் அளந்து பார்த்தோம், இல்லை.