அத்திவாரத்துக்கு முன்னமே அடுப்படியை யோசியுங்கள்



7 பேர்ச் காணி கிடைத்ததும் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? முன்வாசல் எந்தத் திசை, இஸ்தோப்புக்கு டைல்ஸா, வெறும் சிமெந்தா என்பதுதான். அடுப்படியைக் கேட்டால், "அத பின்னுக்கு ஒரு மூலையில போட்டுக்கலாம்" என்பார்கள். ஆனால் விறகுக்கும் கரண்ட் பில்லுக்கும் பின்னால் எவ்வளவு போகும் என்பது இந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது.

லயக் காம்பராவில் புகையோடு சமைத்துப் பழகிவிட்டோம். புதுவீட்டிலும் அப்படித்தான் இருக்க வேணும் என்று சட்டமில்லை. கூரை போட முன்னமே புகைக்கூட்டைக் கட்டச் சொல்லுங்கள். பிறகு தகரத்தை வெட்டினால் மழைக்கு ஒழுகும். அதற்குப் பயந்தே பலர் கடைசிவரை கட்டுவதில்லை. புகைக்கூடு முகட்டுக்கு மேலே இரண்டு அடியாவது உயர வேண்டும். குறைந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மூன்று கல் அடுப்பில் சூடு நாலு பக்கமும் வீணாகப் போகிறது. இரண்டு சட்டி வைக்கும் அனகி மண் அடுப்பில் ஒரே நெருப்பில் சோறும் கறியும் ஆகிவிடும். ஈர மிலாறு எந்த அடுப்பிலும் புகையும், அதைக் காயவைக்க நனையாத இடம் ஒன்றும் வேணும். பகல் முழுக்கக் கொழுந்தெடுத்து வரும் பெண்தான் விறகும் சுமக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிளேன் போடும் ஆம்பிளைகள்தான் அதிகம்!

அடுத்தது யன்னல். நுவரெலியா பக்கத்துத் தை மாதக் குளிரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே யன்னல் வைத்தால் காலை வெயில் உள்ளே வரும், சுவர் காயும், பகலில் பல்பு வேண்டாம். ஆனால் எதிர்மலை வெயிலை மறைக்கவும் கூடும். இரண்டு மூன்று நாள் காலையில் காணியில் போய் நின்று பாருங்கள். மேற்கே பெரிய யன்னல் வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அந்தப் பக்கமாகத்தான் அடிக்கும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்கு ஒன்றரை அலகும் வராது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை போடுகிறார்கள், ஞாபகம் வையுங்கள்.

காசு போதாதா? டைல்ஸும் பெயின்ட்டும் பிறகு பார்க்கலாம். தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்தால் இராக்குளிர் குறையும், அதையும் கை வசதி வரும்போது செய்யலாம். புகைக்கூட்டையும் யன்னலையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாஸ் நூல் பிடிக்க வரும் அன்றே, அவை வரும் இடங்களில் முளை அடித்துக் காட்டிவிடுங்கள்.