மோட்டார் வண்டியின் புதிய ஓசை

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்பது பழமொழி. மோட்டார் வண்டியின் பழுதுக்கும் இது பொருந்தும். ஆயினும், எல்லா மணியோசைக்குப் பின்னும் யானை வருவதில்லை. சிற்றோசைக்கு அஞ்சிப் பெரும்பொருள் செலவிடுவோரும் உளர். பேரோசையைப் பொருட்படுத்தாது எஞ்சினையே இழப்போரும் உளர். எஞ்சினை இறக்கிப் பழுது பார்த்து மீண்டும் மாட்டிய பின் எழும் புதிய ஓசையை ஆராய்ந்தறியும் முறையை இங்குக் காண்போம்.

பெங்களூரில் நம் இல்லத்தில் பழைய அம்பாஸடர் வண்டி ஒன்று உண்டு. அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் ஜே.சி. சாலையின் உதிரிப்பாகக் கடைகளை நம்பி அதனைப் பேணி வருகின்றோம். கிளட்ச் தகடு தேய்ந்தமையால் ஒரு பட்டறையில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இறக்கி, புதுத் தகடு பொருத்தி மாட்டினர். வண்டி வீடு திரும்பிய அன்றே, முன்பு இல்லாத ‘கடகட’ என்னும் ஓசை எழுந்தது. “மறுபடியும் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்” என்றார் பட்டறைக்காரர். தந்தையாரின் ஆண்டுத் திதிக்கு முதிய அன்னையாரைச் சேலம் அழைத்துச் செல்ல இரண்டே நாள்கள் இருந்தன. ஐயத்துக்குரிய வண்டியுடன் தொப்பூர்க் கணவாயில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. எனவே அவ்வோசையைச் சற்றே செவிமடுக்கலானோம்.

இறுதியாகக் கை பட்ட இடத்தையே முதலில் ஐயுறுதல் வேண்டும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள், புகைக்குழாய், கிளட்ச், விசிறி, பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு ஆகிய யாவும் இப்பணியில் கழற்றப்பட்டோ அசைக்கப்பட்டோ இருக்கும். நேற்றுவரை நலமாயிருந்த எஞ்சினின் உள்ளுறுப்பு இன்று திடீரெனக் கெட்டது என முடிவு கட்டுதற்கு முன் இவற்றை ஆராய்தல் முறை.

முதற் சோதனை இது. வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்துக. ஓசையும் விரைந்தால் குற்றம் எஞ்சினிலோ, அதனோடு சுழலும் உறுப்பிலோ உள்ளது. வண்டி உருளும்போது மட்டும் கேட்டால் சக்கரத்தையும் நீண்ட தண்டையும் நோக்குக.

இரண்டாவது, கியரை நியூட்ரலில் வைத்துக் கிளட்ச் மிதியை அழுத்துக. அழுத்தும்போது ஓசை தோன்றினால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்கையும், அழுத்தியதும் மறைந்தால் கியர் பெட்டியின் முன் பேரிங்கையும் ஐயுறலாம்.

மூன்றாவது, ஓசையின் தாளத்தைக் கணித்தல். எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் 400 முறையே திறக்கும். ஆதலின் சுழற்சியின் பாதி வேகத்தில் ‘டிக் டிக்’ என மெல்லொலி கேட்டால் வால்வின் இடைவெளியைச் சரி பார்க்க வேண்டும். சுழற்சிக்கு ஒன்றாக ஒலித்தால் ஃப்ளைவீலின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும். ஆழத்திலிருந்து ‘டொக் டொக்’ எனக் கனத்த இடியோசை எழுந்து, எண்ணெய் அழுத்த விளக்கும் எரியுமாயின், அந்நொடியே எஞ்சினை நிறுத்துக. அதுவே யானை வரும் மணியோசை.

ஓசையின் இருப்பிடத்தை அறிய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மீது வைத்து, பிடியைக் காதருகே அழுத்துவர். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் லாயென்னெக் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே நெறிதான். அதுவே ஸ்டெதஸ்கோப்பாக வளர்ந்தது. சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே தளர்ந்த ஆடையோடு செல்லலாகாது.

நம் வண்டியில் கிளட்ச் மிதியால் மாற்றம் ஏதும் இல்லை. எஞ்சின் மெதுவாய் ஓடிக் குலுங்கும்போது மட்டும் ஓசை எழுந்தது. வேகம் கூடியதும் மறைந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் மரக்கட்டையால் புகைக்குழாயைச் சற்றே விலக்கிப் பிடித்தார், ஓசை அடங்கிற்று. எஞ்சின் சற்றே சாய்ந்து அமர்ந்தமையால், புகைக்குழாய் வண்டியின் அடித்தகட்டில் மோதிக்கொண்டிருந்தது. தாங்கிகளின் போல்ட்டுகளையும் குழாயின் பிணைப்பையும் தளர்த்தி, எஞ்சினை அசைத்துத் தன் இயல்பில் அமரவிட்டு, முதலில் தாங்கியையும் பின்னர் குழாயையும் இறுக்கினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. எஞ்சினை இறக்கத் தேவை நேரவில்லை. திதிக்கு முன்னாளே சேலம் சேர்ந்தோம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. ஓசையை அயல்மொழியில் மெக்கானிக்கிடம் எடுத்துரைப்பது எங்ஙனம்? “பேரிங் போய்விட்டது” என நாமே நோய்க்குப் பெயர் சூட்டினால், அவர் பேரிங்கையே மாற்றிவிடக்கூடும். கேட்ட ஒலியைக் கேட்டவாறே கூறுதல் நன்று. தமிழில் இரட்டைக்கிளவி உண்டு. கன்னடத்திலும் அனுகரணாவ்யயம் என்னும் பெயரால் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் மிகுதி. ‘கடகட’ என்றால் பெங்களூர் மெக்கானிக்குக்கு மொழிபெயர்ப்பு வேண்டா. அதனோடு, அவ்வொலி எப்போது எழுகின்றது, எப்போது அடங்குகின்றது என்னும் இரண்டையும் சேர்த்துக் கூறுவோமாயின், பட்டறைக்குச் செல்லும் முன்னரே பாதிப் பழுதைக் கண்டவர் ஆவோம்.